மலடிப் பட்டமும் கருக்குழாய்ப் படமும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஒரு பெண்ணுக்குக் கலியாணமாகி வருஷம் ஒன்று கழிந்தும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையென்றால், ஊரார் என்ன செய்கிறார்கள் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வருஷத்தில் "விசேஷம் ஏதேனும் உண்டா?" என்று கேட்பார்கள். இரண்டாம் வருஷத்தில் கேட்காமலே ஜாடை பேசுவார்கள். மூன்றாம் வருஷத்தில் பட்டம் கட்டி விடுவார்கள். அது முதற்கொண்டு அந்தப் பெண் பங்காளி வீட்டு வளைகாப்பில் முன்னால் நிற்கக் கூடாது. ஆரத்தித் தட்டைத் தொடக் கூடாது. பிறந்த குழந்தையைத் தூக்கினால் தூக்கினவள் கண் பட்டுவிடும். சிறுவாச்சூர்க் கோயில் நடை திறக்கிற திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் மாவிளக்குப் போட வேண்டும். அரச மரத்தில் தொட்டில் கட்ட வேண்டும். ஜோசியர் நாகதோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் திருநாகேஸ்வரத்திற்கும் காளஹஸ்திக்கும் போய்வர வேண்டும். சோற்றை இலையில் போடாமல் கோயில் தரையில் போட்டுத் தின்ன வேண்டும்.

இவ்வளவும் செய்கிறவள் பெண். இவ்வளவு காலமும் அவளுடைய புருஷன் என்ன செய்து கொண்டிருந்தார்? அவரை எவராவது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய், ஒரு சிறிய டப்பாவைக் கையில் கொடுத்து, விந்துவைப் பரீட்சை பண்ணிப் பார்த்தார்களா? நூற்றுக்கு எத்தனை வீட்டில் பார்த்திருப்பார்கள் என்று வாசகர்களே தங்கள் தெருவை நினைத்துப் பார்த்துச் சொல்லட்டும். நமது பாஷையின் யோக்கியதையையும் சற்று கவனியுங்கள். மலடி என்கிற சொல் குழாயடியிலும் களத்துமேட்டிலும் தினம் புழங்குகின்றது. மலடன் என்கிற சொல்லோ அகராதியில் தூங்குகின்றது. பெண்ணுக்கு ஒரு வசவும் ஆணுக்கு ஒரு மௌனமுமாகத்தான் நமது முன்னோர்கள் சொல் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

இதற்குச் சாஸ்திர ஆதாரமும் இல்லாமல் இல்லை. மனுவின் 9-ஆவது அத்தியாயத்தில், பிள்ளை பெறாதவளை 8-ஆவது வருஷத்திலும், பெற்ற பிள்ளைகள் எல்லாம் செத்துப் போனவளை 10-ஆவது வருஷத்திலும், பெண்ணாகவே பெற்றவளை 11-ஆவது வருஷத்திலும் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக் கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது. கணக்குப் போட்டவருக்கு ஆணின் கணக்கு மாத்திரம் தெரியவில்லை போலும்! சென்னையில் 1949-லும், பிறகு இந்தியா முழுமைக்குமாக 1955-லும் வந்த சட்டங்கள் இந்துக்களில் இருதாரத்தைக் குற்றமாக்கிவிட்டன. குழந்தையில்லை என்பது மாத்திரமே விவாகரத்துக்குக் காரணமாகாது. ஆனால் சட்டம் ஒழிந்த இடத்தில் மாமியாரும் நாத்தனாரும் மனுவின் வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்து வருகிறார்கள்.

நிற்க, இன்றைக்கு நாம் எழுத வந்தது ஒரு வைத்தியப் பரீட்சையைப் பற்றி. டாக்டர்கள் எச்.எஸ்.ஜி. என்பார்கள், ஜனங்கள் டியூப் டெஸ்ட் என்பார்கள். இதைப் பற்றி நமது பக்கத்தில் உலவும் பயமும் பொய்யும் கொஞ்சநஞ்சமல்ல. "படம் எடுத்தால் கருப்பை கருகிப் போகும்" என்பார் ஒருவர். "மருந்து விட்டால் இருக்கிற வழியும் அடைத்துக் கொள்ளும்" என்பார் இன்னொருவர். உண்மை இதற்கு நேர் எதிரிடையாயிருப்பதால்தான் விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதலில் உடம்பின் அமைப்பைத் தெரிந்து கொள்ள வேண்டும். கருப்பையின் இரு பக்கத்திலும் 10, 12 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒவ்வொரு குழாய் இருக்கின்றது. கருப்பையை ஒட்டின இடத்தில் உள்வழி மயிரிழைபோல் குறுகி, மறு நுனியில் பூ விரிந்தாற்போல் அகன்றிருக்கும். சூலகத்திலிருந்து மாதம் ஒன்றாக வெளிவரும் முட்டையை அந்த விரிந்த நுனி வாங்கிக் கொள்கின்றது. ஆணின் உயிரணு கீழேயிருந்து நீந்திப் போய் முட்டையைச் சந்திப்பது கருப்பையில் அல்ல, இந்தக் குழாயில்தான். கூடின கரு சில நாட்கள் குழாய் வழியே நகர்ந்து வந்துதான் கருப்பையில் குடியேறுகின்றது. ஆகவே இரண்டு குழாயும் அடைபட்டிருந்தால், எந்த நட்சத்திரத்தில் கூடினாலும், எத்தனை படி பாலை எந்தக் கல்லின் தலையில் ஊற்றினாலும், முட்டையும் அணுவும் சந்திப்பதற்கு வழியில்லை.

அந்த வழி திறந்திருக்கிறதா என்று வயிற்றைக் கிழிக்காமல் பார்ப்பதற்குத்தான் இந்தப் பரீட்சை. மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்னால், அதாவது ஏறக்குறைய 6-ஆம் நாளிலிருந்து 11-ஆம் நாளுக்குள் இதைச் செய்வார்கள். காரணம், அந்த நாட்களில் வயிற்றில் கரு இருக்க இடமில்லை. கரு இருந்து அதன் மேல் கதிர் படக்கூடாதல்லவா? கருப்பையின் வாய் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியக்கூடிய ஒரு மருந்தை மெதுவாக ஏற்றிப் படம் எடுப்பார்கள். மருந்து கருப்பையை நிரப்பி, இரு குழாயிலும் ஓடி, நுனியில் வயிற்றுக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். மாதவிலக்கு வலிபோல் வலிக்கும். சிலருக்கு அதிகமாகவே வலிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக் கொள்வதில் வெட்கமில்லை. "பிள்ளை பெறப் போகிறவளுக்கு இந்த வலி தாங்கக் கூடாதா" என்று சொல்லுகிறவர் டாக்டராயிருந்தாலும் சரி, தாதியாயிருந்தாலும் சரி, அவருக்கு மரியாதை தெரியவில்லை என்றுதான் நாம் சொல்லுவோம். கதிரின் அளவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோர் மேலும் வருஷம் ஒன்றுக்கு விழுந்து கொண்டிருக்கும் கதிரின் அளவை ஒட்டியதே இந்தப் படத்தின் கதிர். இதனால் கருப்பை கருகாது.

ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டார். 15 வருஷம் கழித்து, 1910-ல், கருப்பைக்குள் பிஸ்மத் பசையை ஏற்றிப் படம் பிடித்துப் பார்த்தார்கள். 1914-ல் அமெரிக்காவில் வெள்ளிச் சத்து மருந்தை உபயோகித்தார்கள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1920-ல் ரூபின் என்கிற டாக்டர் காற்றை ஊதிக் குழாயைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். இதற்கிடையில் பாரீஸ் நகரத்து ரசாயனக்காரர் கெர்பே என்பவர் 1901-லேயே ஒரு காரியம் செய்திருந்தார். கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்து லிபியடோல் என்று ஒரு மருந்து பண்ணினார். ஆம், நமது வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசாதான். அதற்கு எக்ஸ்ரேயில் தெரிகிற குணம் உண்டென்று 1920-களின் ஆரம்பத்தில் கண்டுகொண்டார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அதைக் கருக்குழாயிலும் விட்டுப் படமெடுக்கத் துவங்கினார்கள். பின்னால் நீரில் கரையும் மருந்துகள் வந்தன. அவை படத்தைச் சீக்கிரம் காட்டுவதாலும், எண்ணெய் இரத்தக் குழாயில் நுழைந்தால் ஆபத்து என்கிற பயத்தாலும், உலகத்தில் பெரும்பாலான இடங்களில் எண்ணெய் பின்னுக்குப் போய்விட்டது.

இங்கேதான் நமது இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி வருகின்றது. படம் எடுத்துக்கொண்ட பெண்களில் பலர், பல வருஷங்களாகப் பிள்ளையில்லாதிருந்தவர்கள்கூட, படம் எடுத்த சில மாதங்களுக்குள் கர்ப்பமானார்கள். வியாதியைப் பார்க்க எடுத்த படமே வைத்தியமாகவும் ஆகிவிட்டதோ என்று டாக்டர்கள் பல பத்து வருஷங்களாகவே பேசி வந்தார்கள். ஆனால் இந்தப் பேச்சுக்கும் கோயிற் பூசாரியின் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? "எங்கள் அம்மனுக்குத் தொட்டில் கட்டினாள், மூன்றாம் மாதம் முழுகாமல் இருந்தாள்" என்கிறார் பூசாரி. "எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தாள், மூன்றாம் மாதம் முழுகாமல் இருந்தாள்" என்கிறார் டாக்டர். ஒன்றன் பின் ஒன்று நடந்தது என்பதைத் தவிர இருவர் கையிலும் வேறு சாட்சி இல்லை. பூசாரியை நம்பாதே, டாக்டரை நம்பு என்று சொல்லுவது பகுத்தறிவு ஆகாது. அது பூசாரியை மாற்றிக் கொள்வதுதான்.

பின் உண்மையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஹாலந்து தேசத்தில் 27 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி, 2017-ல் அதன் முடிவை வெளியிட்டன. 18 வயது முதல் 39 வயது வரையிலுள்ள, குழாயில் நோய் இருக்கும் என்று சந்தேகப்பட அதிக இடமில்லாத, பிள்ளையில்லாப் பெண்கள் 1119 பேரை எடுத்துக் கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பணக்காரி ஏழை என்றோ, இளையவள் மூத்தவள் என்றோ, டாக்டருக்குப் பிடித்தவள் பிடிக்காதவள் என்றோ பார்த்துப் பிரிக்கவில்லை. ஒரு பாதிக்குக் கசகசா எண்ணெய் மருந்தால் படம். மறு பாதிக்கு நீரில் கரையும் மருந்தால் படம். பிறகு ஆறு மாதம் காத்திருந்து எண்ணினார்கள். எண்ணெய் விட்டவர்களில் 100-க்கு 39.7 பேருக்குக் கர்ப்பம் தரித்து நிலைத்தது. நீர் மருந்து விட்டவர்களில் 29.1 பேருக்கு நிலைத்தது. உயிரோடு குழந்தை பெற்றவர்கள் எண்ணெய்க்காரர்களில் 100-க்கு 38.8, மற்றவர்களில் 28.1.

இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. மலடி என்று நமது ஊர் பட்டம் கட்டியிருக்கக் கூடிய பெண்களில், எண்ணெய் விடாத பாதியிலுங்கூட, 100-க்கு 28 பேர் பிள்ளை பெற்றார்கள். இந்த 28 பேர் நமது பக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருத்தி குலதெய்வத்திற்குக் கிடா வெட்டியிருப்பாள். ஒருத்தி பிள்ளைக்கு நாகராஜன் என்று பெயர் வைத்திருப்பாள். ஒருத்தி சாமியார் காலில் விழுந்திருப்பாள். தானாகவே நடக்கக் கூடிய இந்த 28-தான் உலகத்திலுள்ள அத்தனை புற்றுக்கும், தாயத்துக்கும், லேகியத்துக்கும் மூலதனம். இதை வைத்துக் கொண்டுதான் அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள். அதற்கு மேலே இருக்கிறதே, அந்தப் பத்து அல்லது பதினொரு பேர், அவர்கள்தான் எண்ணெயின் பலன் என்று நியாயமாகச் சொல்லக் கூடியவர்கள். எந்தக் கோயிலாவது இந்த மாதிரிச் சீட்டுப் போட்டு, பாதிப் பேரைத் தொட்டில் கட்டச் சொல்லி, பாதிப் பேரைச் சும்மா இருக்கச் சொல்லி, எண்ணிக் காட்டத் தயாரா என்று கேட்கின்றோம்.

ஐந்து வருஷம் கழித்து அதே பெண்களை மறுபடி விசாரித்தபொழுது, வேறு சிகிச்சைகளும் சேர்ந்து, இரு பிரிவிலும் ஏறக்குறைய நான்கில் மூவருக்குக் கர்ப்பம் தரித்திருந்தது. மூன்றாம் வருஷத்தில் பட்டம் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எண்ணெய் எப்படி வேலை செய்கிறதென்பது இன்னும் முடிவாகவில்லை. குழாயில் கோழைபோல் கட்டியிருப்பதை அது அலசி விடுகிறது என்பது ஒரு அபிப்பிராயம். கருப்பையின் உட்தோல் கருவை ஏற்றுக் கொள்ளும் தன்மையை மாற்றுகிறது என்பது மற்றொன்று. கெடுதியே இல்லையா என்றால், உண்டு. எண்ணெய் இரத்தக் குழாய்க்குள் புகுந்து தொந்தரவு தருவது அபூர்வமானாலும் நடக்கக் கூடியது. அதிலுள்ள அயோடின் வெகுநாள் உடம்பில் தங்குவதால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கலாம். ஆகவே தைராய்டு கோளாறுள்ள பெண் அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். எண்ணெய் விட்டுக்கொண்ட பின் கர்ப்பமானால் தைராய்டைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வயிற்றில் புண், ஜுரம், துர்நாற்றமான வெள்ளை இருக்கும் பொழுது எந்த மருந்தாலும் இந்தப் படம் எடுக்கக் கூடாது. எடுத்த பின் ஜுரமோ கடும் வலியோ வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. அன்றியும் அந்தச் சோதனை நல்ல குழாய் உள்ளவர்களிடம் நடந்தது. குழாயே நாசமானவர்களுக்கும், புருஷனிடம் குறை உள்ளவர்களுக்கும் இந்த எண்களைக் காட்டி ஆசை மூட்டுவது மோசடி.

"அடைப்பு" என்று எழுதி வந்த சீட்டைக் கண்டு அழுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தாலும் வலியாலும் கருப்பையின் தசை இறுகினால், திறந்த குழாயும் அந்த நேரத்தில் அடைபட்டாற்போல் படத்தில் விழும். கருப்பையை ஒட்டின இடத்தில் அடைப்பு என்றால் இந்தச் சந்தேகம் மெத்தவும் உண்டு. திரும்ப ஒரு முறை பார்த்தோ, லாப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள் நேரே நீல மருந்தை விட்டுப் பார்த்தோதான் தீர்மானிப்பார்கள். ஒரு குழாய் மாத்திரம் அடைந்திருந்தால் மற்றதன் வழியாகக் கர்ப்பம் தரிக்கலாம்.

உண்மையான அடைப்புக்கு நமது நாட்டில் ஒரு முக்கியமான காரணம் க்ஷயரோகம். இந்த வியாதி நுரையீரலில் மாத்திரம் வருவதென்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது பெண்ணின் கருக்குழாயிலும் இருமலில்லாமல், ஜுரமில்லாமல், வருஷக்கணக்காகக் குடியிருக்கும். உலகத்திலுள்ள க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் பொழுது, எத்தனை பெண்களுக்குத் தோஷம் என்று பேர் சொல்லி இந்தக் கிருமிக்கு அவகாசம் கொடுத்திருப்போம்! இதற்கு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாம். சாதாரணமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். ஆனால் குழாய் வடுப்பட்டுச் சுருங்கின பின் மருந்து கிருமியைக் கொல்லுமேயொழிய வழியைத் திறக்காது. பரிகாரத்தில் போன நான்கு வருஷத்தின் விலை இதுதான்.

இனி புருஷர்கள் விஷயம். பிள்ளையில்லாத ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஆணின் குறையும் தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ இருக்கின்றது. விந்துப் பரீட்சைக்கு வலியில்லை, கதிரில்லை, ஊசியில்லை, செலவும் சொற்பம். மில்லி லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1½ கோடி அணுக்களுக்குக் குறைந்தால் குறைவு என்று சொல்லுவார்கள். அவை ஓடுகின்றனவா என்றும் பார்ப்பார்கள். ஒரு முறை குறைந்திருந்தால் அதோடு முடிந்து போகவில்லை. அணு உற்பத்தியாவதற்கு இரண்டரை, மூன்று மாதம் ஆவதால், பீடியையும் குடியையும் விட்டு, இருக்கிற நோய்க்கு வைத்தியம் செய்து கொண்டு மறுபடி பார்க்கலாம். புருஷனைச் சோதிக்காமல் பெண்டாட்டிக்குப் படம் எடுப்பது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாய்க்காலைத் தோண்டுவதற்குச் சமம். ஆண்மை போய்விடுமோ என்று இதற்கு மறுக்கிற தோழர்கள் உண்டு. மேடையில் பெண் விடுதலை பேசுகிறவர்களிலும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆண்மையும் அணுவின் எண்ணிக்கையும் வேறு வேறு. மீசைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

இதைக் கண்டு சிலர், கர்ப்பத்தடையைப் பற்றி 1930 முதல் பிரசாரம் செய்த இயக்கத்தார் இப்பொழுது பிள்ளை பெறுவதற்கு வழி சொல்ல வந்துவிட்டார்களே என்று கேட்கக் கூடும். கர்ப்பத்தடை என்பது பிள்ளையே வேண்டாம் என்பதல்ல; எப்பொழுது, எத்தனை, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான். வேண்டாம் என்கிறவளைப் பெறச் சொல்லுவதும், வேண்டும் என்கிறவளைப் புற்றுக்கு அனுப்புவதும் ஒரே அடிமைத்தனம்தான். பரீட்சை எல்லாம் செய்தும் பிள்ளையில்லை என்றால், அல்லது பரீட்சையே வேண்டாம் என்று அவள் சொன்னால், அதனால் அவளுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அதே சமயம் கருவி மாத்திரம் வந்துவிட்டால் அறிவு வந்துவிட்டதாகாது. வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன் நமது பக்கத்திற்கு வந்த பின் என்ன ஆயிற்று? 2011 ஜனக்கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் 940-க்கு மேல் பெண் குழந்தைகள் இருக்க, அரியலூர் ஜில்லாவில் 900-க்கும் குறைவு. பெரம்பலூரும் தமிழ்நாட்டுச் சராசரிக்குக் கீழேதான். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியும் இந்த நிலைமை. "பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை" என்று பெண்ணை வதைத்த வீடே, உண்டானது பெண் என்று தெரிந்தால் கலைக்கச் சொல்லுகிறதென்றால், அவர்களுக்கு வேண்டியது பிள்ளையா, கொள்ளி போட ஆளா?

மற்றொரு கூட்டத்தாரையும் விட்டுவிட முடியாது. கலியாண மண்டபத்தில் இலவச முகாம் என்று போர்டு போட்டு, வந்தவர்களைச் சரியாகப் பரீட்சிக்காமல், டெஸ்ட் டியூப் குழந்தை ஒன்றுதான் வழி என்று சொல்லிப் பல லக்ஷ ரூபாய்க்குச் சீட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முறை நல்ல முறைதான். இரு குழாயும் போனவர்களுக்கு அதைப்போல் வேறில்லை. உலகத்தில் முதல் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்திலும், சில மாதத்தில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியாலும் பிறந்தது. அந்த முகர்ஜியை நம்பாமல் சர்க்கார் கமிட்டி அவமானப்படுத்தி, 1981-ல் அவர் தற்கொலை செய்து கொண்டார் என்பது தனிக் கதை. ஆனால் வெங்காயக் கொல்லையையும் சோளக் காட்டையும் அடமானம் வைப்பதற்கு முன்னால், என் புருஷனுக்கு என்ன பரீட்சை செய்தீர்கள், என் குழாய் திறந்திருக்கிறதா, வயதென்ன, எத்தனை மாதம் காத்திருக்கலாம், உங்களிடம் வந்த என் வயதுக்காரர் 100 பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்டால் கோபிக்கிறவர் டாக்டரானாலும் பூசாரி ஜாதிதான்.

காலக் கணக்கைச் சொல்லி விடுகிறோம். கர்ப்பத்தடை செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து 12 மாதமாகியும் பிள்ளையில்லையென்றால் இருவரும் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது ஆகியிருந்தால் 6 மாதத்திலேயே போக வேண்டும். பெரம்பலூரில் ஜில்லா ஆஸ்பத்திரி இருக்கின்றது. அரியலூரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கின்றது. தூரமானாலும் திருச்சியும் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியும் உண்டு. முதலில் விந்துப் பரீட்சையும், முட்டை சரியாக வெளிவருகிறதா என்கிற பரீட்சையும். பிறகு குழாய்ப் படம். படத்திற்கு எந்த மருந்து விடப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். எண்ணெய் மருந்து தனக்குத் தகுமா என்றும் கேட்கலாம். எடுத்த படத்தையும் அதன் சீட்டையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடாமல் வாங்கி வந்து, வேறு டாக்டரிடம் போனால் மறுபடியும் எடுக்க நேராதபடி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஜாதகம் வைத்திருக்கிற தகரப் பெட்டியிலேயே வைக்கலாம். இடம் போதாவிட்டால் எதை எடுத்து வெளியே போடுவதென்பது அவரவர் இஷ்டம்.